இடிபாட்டின் மேல் ஒரு கொஞ்சல்

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் அவரை எல்லோரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். அவரைவிட வயதில் மூத்த நிலைய அதிகாரிகூட அப்படித்தான். இடிந்த கட்டடங்களுக்குள் ஆள் தேடும் நாயைப் பழக்குவதும், தேவைப்படும்போது அதைக் கூட்டிக்கொண்டு போய்த் தேடவிடுவதும் அக்காவின் வேலை. நான் அந்தப் பிரிவின் வண்டியோட்டி. முன்சீட்டில் அக்கா, பின்னால் கூண்டில் நாய், நடுவில் ஓயாத என் வாய். எங்கள் பயணமெல்லாம் அப்படித்தான் போகும்.

நாயின் பெயர் மிளகு. நிறமும் அதுதான், குணமும் அதுதான். அக்காவைத் தவிர வேறு யார் கூப்பிட்டாலும் காது கேளாததுபோல் நிற்கும்.

சாதாரணமாகப் பேசும்போது அக்காவின் குரல் கட்டையாக, அவசரமே இல்லாமல் இருக்கும். ஆனால் பயிற்சி மைதானத்தில் குழாய்க்குள்ளோ, பலகை அடுக்குக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும் ஆளை மிளகு கண்டுபிடித்துக் குரைத்துவிட்டால் போதும். அந்தக் குரல் எங்கிருந்துதான் வருமோ, “ஆஹா! என் கெட்டிக்காரா! கண்டுபுடிச்சுட்டியாடா! என் ராசா, என் சிங்கக்குட்டி!” என்று மைதானத்தையே நிறைக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். பிள்ளைகள் பாடத்தை மறந்து சிரிப்பது கேட்கும். மிளகு வாலோடு சேர்த்து உடம்பு முழுவதையும் ஆட்டும்.

“ஏங்க்கா, ஒரு பிஸ்கட்டைப் போட்டா வேலை முடிஞ்சுது. எதுக்கு இப்படித் தொண்டையைக் கிழிச்சுக்கறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வீடு இடிஞ்சா அடுப்படியும்தான் தம்பி இடிஞ்சு கெடக்கும். திங்கறதுக்கு ஆசைப்பட்ட நாய் நேராச் சோத்துப்பானைகிட்டப் போய் நிக்கும். வேற எங்கயும் கெடைக்காத ஒண்ணு என்கிட்ட இருக்கணும். அதுக்காகத்தான் அது ஓடணும்.”

பாராட்டு சுடச்சுட இருக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். ஆறிப்போனால் எதற்காகச் சொன்னோம் என்று நாய்க்குத் தெரியாது. அப்புறம், பொய்யாகவும் சொல்லக்கூடாது. “நாக்கு சொல்றத அது கேக்காது. வயித்துலேர்ந்து வர்றதத்தான் கேக்கும்.”

இதைக் கற்றுக்கொள்ள வந்த மற்றவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இன்னொரு நாயின் பொறுப்பாளரை நாங்கள் மீசை என்போம். ஆள் மலை மாதிரி இருப்பார். நாயைக் கொஞ்சச் சொன்னால் வெட்கத்தில் காது சிவந்துவிடும். “நல்ல வேலை” என்று ஏதோ உத்தரவு படிப்பதுபோல் சொல்வார். அக்கா ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அவர் முன்னால் வைத்து, “இதை நாயா நெனைச்சுக் கொஞ்சுங்க. வெட்கம் போனதும் நாய்கிட்டப் போகலாம்” என்றார். மீசை ஒரு வாரம் பக்கெட்டைக் கொஞ்சினார். அந்தச் சமயம் பார்த்துப் போனில் கூப்பிட்ட அவர் மனைவி, “யாரைங்க இப்படிக் கொஞ்சறீங்க? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை இப்படிப் பேசியிருக்கீங்களா?” என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

அக்காவின் வீட்டில் அந்தக் குறையே இல்லை. மைதானத்துக் கொஞ்சல் அங்கே குடும்ப பாஷையாகிவிட்டிருந்தது. அவர் கணவர் பிரிட்ஜ் மெக்கானிக், தெருமுனையில் சின்னப் பட்டறை. நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். சிரிக்காமல் ஜோக் சொல்லுகிற மனிதர். அவர் ஒழுகும் குழாயைச் சரிசெய்தால், மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து, “ஆஹா! என் கெட்டிக்காரா! அடைச்சுட்டியாடா!” என்று அம்மா குரலிலேயே கூவுவாள். அப்பாவை ‘டா’ போடக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. மாமாவும் வாலாட்டுவதுபோல் இடுப்பை ஆட்டிக் காட்டுவார். மகள் தோசைக்கல்லில் எதையாவது கருக்காமல் எடுத்தால், அவளுக்கும் அதே மரியாதை நடக்கும்.

ஒற்றைப் பெண். வீட்டில் வாலு என்று பெயர். சின்ன வயதிலிருந்தே விடுமுறை நாட்களில் மைதானத்துக்கு வந்து, மிளகு தேடுவதற்காக ஒளிந்துகொள்வது அவள்தான். சிமென்ட் குழாய்க்குள் சுருண்டு படுத்து மூச்சுக்கூட விடமாட்டாள். மிளகு கண்டுபிடித்ததும் குழாய்க்குள்ளிருந்து அவளும் கூவுவாள், வெளியிலிருந்து அக்காவும் கூவுவார். மற்றவர்களைத் தேடும்போது மிளகு வேலை செய்யும். அவளைத் தேடும்போது விளையாடும். மோப்பம் கிடைத்த கணத்திலேயே வால் சுழல ஆரம்பித்துவிடும். படிப்பு முடிந்து, அவள் கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் இது நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மிளகு உயிருள்ளவர்களைக் கண்டால் குரைக்கும். உயிர் போயிருந்தால் குரைக்காது. அந்த இடத்திலேயே படுத்து, முன்னங்கால்களின்மேல் முகத்தை வைத்துக்கொள்ளும். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அப்போதும் அக்கா அதே உயர்ந்த குரலில்தான் அதைப் பாராட்டுவார்.

மீசை ஒருமுறை தாங்காமல் கேட்டார். “செத்தவங்களைக் காட்டினதுக்கு எப்படிக்கா இவ்ளோ சந்தோஷமாப் பேச முடியுது?”

“அது வேலையை அது சரியாத்தானே செஞ்சுது? நான் மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டா, தப்புப் பண்ணிட்டோம்னு நெனைச்சுக்கும். அடுத்த தடவை மனுஷ வாடை அடிச்சாலே ஒதுங்கிப் போயிடும். அந்த அடுத்த ஆளு உயிரோட இருந்தா?”

அப்படிப்பட்ட நாட்களில் திரும்பும்போது, அக்கா வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். நான் கீழே நின்று, நன்றாக இருக்கும் டயரையெல்லாம் உதைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணாடி இறங்கியதும் வண்டியை எடுப்பேன்.

அது நடந்தது ஒரு வேலைநாள் காலையில். கடைத்தெருவில் ஒரு கட்டடம் இடிந்துவிட்டது, பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளம் இதன் காலை வாரிவிட்டது என்று தகவல் வந்தது. நாங்கள் கிளம்பிப் பாதி வழி போன பிறகுதான் ஒயர்லெஸ்ஸில் கட்டடத்தின் பெயரைச் சொன்னார்கள்.

அக்கா போனை எடுத்துக் காதில் வைத்தார்.

“ரிங் போகுது தம்பி,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எடுக்கல,” என்றார். மறுபடி அழுத்தினார். அன்றைக்கு என் வாய் பேசவில்லை. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினேன்.

மேல்மாடி, நடுமாடி எல்லாம் தோசைபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தது. வெள்ளைப் புழுதி அடங்கவில்லை. கயிறு கட்டி ஜனங்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். நிலைய அதிகாரி எங்களை நோக்கி ஓடிவந்தார். அவருக்கு விஷயம் அதற்குள் தெரிந்திருந்தது.

“அக்கா, நீங்க வேணாம். வண்டியிலயே உக்காருங்க.”

“மீசையோட நாய்க்குக் கால்ல தையல் போட்டிருக்கு சார். கண்ணாடித்தூள்ல அதை எப்படி விடுவீங்க?”

“வேற ஊர்லேர்ந்து வரச் சொல்லியிருக்கேன்.”

“அவங்க வர்றதுக்குள்ள உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சு முட்டிடும். மிளகு யார் சொன்னா சார் தேடும்?”

அக்கா கூண்டைத் திறந்தார். “என் பொண்ணு மட்டுமா சார் உள்ள இருக்கா?” என்றார்.

நாய் தேடும்போது எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிடுவார்கள். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தாலும் கேட்க வேண்டும் என்பதற்காக. கயிற்றுக்கு வெளியே நின்ற உறவுக்காரர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அந்த நிசப்தத்தில் கற்கள்மேல் மிளகின் நகங்கள் உரசுவது எனக்குக் கேட்டது.

முதலில் முன்பக்கத்திலேயே குரைத்தது. அக்கா அந்தக் கணமே கொஞ்சினார். தூணுக்கும் சுவருக்கும் இடையிலிருந்து ஒரு வாட்ச்மேனைக் கால் நசுங்கிய நிலையில், உயிரோடு எடுத்தார்கள். கயிற்றுக்கு வெளியே ஒரு குடும்பம் அலறி அழுது சிரித்தது.

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார். பட்டறையிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறார், சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். நான் கயிற்றோரம் நின்றிருந்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், “மேல நிக்கறது என் வீட்டுக்காரிதாங்க. அவளும் நாயும் சேர்ந்தா ஊசி விழுந்தாக்கூடக் கண்டுபுடிச்சிருவாங்க. உங்க ஆளுங்களையும் எடுத்துருவாங்க, பயப்படாதீங்க” என்று கிசுகிசுத்தார். ஆறுதல் சொல்ல அவருக்கு அன்றைக்கும் தெம்பு இருந்தது.

மிளகு சரிவில் ஏறியது. ஓரிடத்தில் மூக்கைத் தூக்கி நின்றது. அதன் வால் சுழல ஆரம்பித்தது. அந்தச் சுழற்சி எனக்குத் தெரியும். அது வேலைச் சுழற்சி அல்ல, விளையாட்டுச் சுழற்சி. சந்தோஷத்தில் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். மிளகு இரண்டு பாளங்களுக்கு நடுவே தலையை நுழைத்தது. நுழைத்த தலை அப்படியே இருக்க, வால் மெல்ல மெல்ல நின்றது. பிறகு தலையை வெளியே எடுத்தது. அங்கேயே படுத்து, முகத்தை முன்னங்கால்களின்மேல் வைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்தது.

அக்கா அதைப் பார்த்தபடி நின்றார். அதற்கு என்ன அர்த்தமென்று அந்தக் கூட்டத்தில் எங்களைப் போல ஒருசிலருக்குத்தான் தெரியும். மாமாவுக்குத் தெரியாது. மிளகின் அந்தப் படுப்பைப் பற்றி அக்கா வீட்டில் பேசியதே இல்லை.

அக்காவின் வாய் திறந்து மூடியது. மறுபடி திறந்து மூடியது. மிளகு காத்திருந்தது. அதன் காதுகள் பின்னால் சாயத் தொடங்கின, தப்புச் செய்துவிட்டோமோ என்று நினைக்கும்போது சாய்கிறதே, அப்படி.

“ஆஹா!” என்றார் அக்கா. “என் கெட்டிக்காரா! கண்டுபுடிச்சுட்டியாடா! என் ராசா, என் சிங்கக்குட்டி, கண்டுபுடிச்சுட்டியா!”

ஒரு இழை பிசகவில்லை. மைதானத்தில் கேட்ட அதே குரல். அந்த நிசப்தத்தில் தெருமுனைவரை கேட்டிருக்கும். மிளகு எழுந்து வாலாட்டிக்கொண்டு அவரிடம் ஓடிவந்தது. அவர் மண்டியிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

மாமா என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். “மாப்ளே! கெடைச்சுட்டா! கேட்டியா அவ குரலை? என் பொண்ணு கெடைச்சுட்டா!” என்று கத்தினார். முன்பின் தெரியாதவர்களின் கைகளையெல்லாம் பிடித்துக் குலுக்கினார். ஒரு வயதான பெண்மணி அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். மாமா சிரித்துக்கொண்டே கயிற்றைத் தூக்கி உள்ளே நுழையப் பார்த்தார். நான் அவர் கையை விடவில்லை. எதற்காக விடவில்லை என்று கேட்கத் திரும்பியவர் என் முகத்தைப் பார்த்தார்.

அவர் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. இறங்குவதற்கு வழி தெரியாததுபோல. பிறகு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

மேலே மண்ணைத் தோண்ட ஆட்கள் வந்தார்கள். அதிகாரி அக்காவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். அக்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டு, எழுந்து, “மிளகு, தேடு” என்றார். மகளை எடுக்கும் இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கச் சரிவுக்குப் போனார்.

மத்தியானத்துக்குமேல், மாடிப்படி மடங்கிக் கிடந்த இடத்தில் மிளகு குரைத்தது. தரைத்தளத்துப் போட்டோக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணை அங்கிருந்து எடுத்தார்கள். நினைவோடு இருந்தாள். அக்கா மறுபடியும் அதே குரலில் கொஞ்சினார். நடைபாதையில் மாமா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு சில நாட்கள் கழித்து, மாமா அக்காவிடம் சொன்னாராம்: “உன்னை நான் ஒரு குத்தமும் சொல்லல. நீ என்ன பண்ணுவே, பாவம். ஆனா உன் குரல் கேட்டாலே எனக்கு முதல்ல சந்தோஷம் வருது. அப்புறம்தான் ஞாபகம் வருது. தெனமும் அவளை இப்படி ஒருதடவை பறிகொடுக்க என்னால முடியல.” படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. மதியச் சாப்பாட்டை அக்கா கொண்டுபோய் வைப்பார். பாத்திரத்தைக் கழுவி அவர் கொண்டுவந்து வாசலில் வைப்பார். ஊரார் வாய்க்கு அவல் கிடைத்தது. “பெத்த பொண்ணு செத்துக் கெடக்கறா, நாயைக் கொஞ்சறா பாரு” என்றார்கள். ஒருவரும் அக்கா முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அக்கா வேலைக்குத் திரும்பினார். குரல் வரவில்லையென்றால் என்ன செய்வது என்று நாங்களெல்லாம் பயந்துகொண்டிருந்தோம். மைதானத்தில் மிளகு முதல்முறை குரைத்ததும், குரல் வந்தது. துளியும் குறையாமல் வந்தது. மிளகு உடம்பையெல்லாம் ஆட்டியது. அக்கா என் வண்டியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அன்றைக்கு வெகுநேரம் இறக்கவில்லை. நான் கதவைத் தட்டினேன்.

“வராதுன்னுதான் நெனைச்சேன் தம்பி,” என்றார். “வந்துடுச்சே. அதுபாட்டுக்கு வருது. எப்படி வருது? நான் என்ன ஜென்மம்?”

அந்த வாரமே மிளகின் கயிற்றை மீசையின் கையில் கொடுத்துவிட்டு, அவசர அழைப்புகளை எடுக்கும் அறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். மிளகு பல நாட்கள் மீசையின் கொஞ்சலுக்குக் காதைக்கூடத் திருப்பவில்லை. அழைப்பு அறையின் ஜன்னலுக்குக் கீழேயே போய்ப் படுத்துக்கொள்ளும். அக்கா ஜன்னலைச் சாத்திவிடுவார். மீசை பொறுமையாகத் தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் அதைத் தன் பக்கம் இழுத்தார். வெட்கமெல்லாம் போயிருந்தது அந்த மனிதருக்கு.

படிக்கட்டுக்கு அடியிலிருந்து மீட்கப்பட்ட பெண், கால் தேறியதும் நிலையத்துக்கு வந்தாள். அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். அக்காவுக்கு அன்று விடுப்பு. நான்தான் வீட்டுக்கு அழைத்துப்போனேன். நாங்கள் போன நேரம், மாமா பாத்திரத்தை வைக்க வந்து வாசலில் நின்றிருந்தார். விருந்தாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக முடியாமல் அவரும் உள்ளே வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

அந்தப் பெண் அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “ஒரே இருட்டுங்க. கால் மரத்துப்போச்சு. போதும், தூங்கிடலாம்னு கண்ணை மூடிட்டேன். அப்போ மேலேர்ந்து உங்க குரல் கேட்டுச்சு. ‘கெட்டிக்காரா, கண்டுபுடிச்சுட்டியா’ன்னு. அவ்ளோ சந்தோஷமா! யாரோ பொழைச்சுட்டாங்க போலிருக்கு, அப்ப என்னையும் எடுத்துருவாங்கன்னு நெனைச்சேன். அதுக்கப்புறம் நான் தூங்கவே இல்லங்க. கல்லை எடுத்துக் குழாயைத் தட்டிக்கிட்டே இருந்தேன்.”

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குரல் யாருக்காக எழும்பியது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

“எனக்கும் அப்படித்தாம்மா கேட்டுச்சு,” என்றார் மாமா.

அந்தப் பெண்ணை நான் பேருந்து ஏற்றிவிட்டு வந்தபோது, மாமா இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு நடந்ததை அக்கா பின்னால் எனக்குச் சொன்னார். மாமா அவர் பக்கத்தில் வந்து அமர்ந்து, அதுவரை கேட்காததைக் கேட்டிருக்கிறார்.

“அந்த நேரத்துல உனக்கு எப்படி வந்துச்சு அந்தக் குரல்? நாய்க்காக நடிச்சியா?”

“நடிச்சா அதுக்குத் தெரிஞ்சுடும்,” என்று அக்கா சொல்லியிருக்கிறார். “மூணு நாள் நாலு நாள் தேடியும் கெடைக்காம, ஒரு துணியாவது கெடைக்காதான்னு நிக்கற பெத்தவங்களை நான் பார்த்திருக்கேன். இவ கெடைச்சுட்டா. மண்ணோட மண்ணா விடாம என் பொண்ணை என் கையில குடுத்துச்சு அது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு நெஜமாவே அதுமேல அவ்ளோ ஆசையா இருந்துச்சு. அதைத்தான் சொன்னேன். உங்களுக்கு வேற மாதிரிக் கேக்கும்னு எனக்குத் தோணவே இல்லங்க. நீங்க அங்க வந்திருக்கறதே எனக்குத் தெரியாது.”

மகள் போன பிறகு இருவரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

மறுநாள் மாமா என்னைக் கூப்பிட்டு, “பட்டறையில என் படுக்கை கெடக்கு மாப்ளே. வர்ற வழியில எடுத்துட்டு வந்து வீட்ல போட்டுடேன்” என்றார். போட்டேன்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். அக்கா இப்போதும் அழைப்பு அறையில்தான், போனில் பதறுகிறவர்களிடம் அந்தக் கட்டைக் குரலில் நிதானமாகப் பேசுகிறார். மாமா குழாயைச் சரிசெய்தால், கையைத் துடைத்துக்கொண்டு பேசாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறார். போன மாதம் வாலுவின் பிறந்தநாள். ஏதாவது வாங்கிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் கூட இருந்துவிட்டு வரலாமே என்று போனேன். பட்டப்பகலில் கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. தட்டினேன்.

“இன்னைக்கு வேணாம் தம்பி,” என்று அக்காவின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

வாங்கிப்போன பழத்தை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.